அன்றைக்கு ஒரு கோடு

கானாடுகாத்தானில் பிடித்தது காலை ஒன்பதுக்கு.
காகிதத்தில் மாலை ஆறே கால்.
இடையில் ஒன்பதே கால் மணி நேரம்
எந்த ஊரிலும் இல்லாமல் இருந்திருக்கிறான்
மொஃபிஜுல் ஷேக்.

சட்ட உதவி மையம் கூப்பிட்டபோது எனக்கு
தேவகோட்டையில் ஒரு ஜீவனாம்ச வழக்கு.
வாய்தா வாங்கிக்கொண்டு
கறுப்புக் கோட்டைக் கழற்றாமலே பஸ் ஏறினேன்.

"மேடம், இது வெளிநாட்டுக்காரன் கேஸ்.
நம்ம ஆளுக்குள்ள சட்டமெல்லாம் இங்க வராது"
என்றார் ஏட்டையா.
அரசியலமைப்பின் இருபத்திரண்டாம் உறுப்பைத் திறந்து
அவர் சாப்பாட்டுக் கேரியரை நகர்த்தி வைத்தேன்.
குடிமகன் என்று அந்த வரியில் இல்லை.
நபர் என்று இருக்கிறது.
அச்சுப்பிழையோ என்பதுபோல்
விரலால் தடவிப் பார்த்தார்.

கைதுக்குக் காரணம் சொன்னீர்களா?
சொன்னோம்.
எந்த மொழியில்?
தமிழ்லதான்.
அவன் என்ன சொன்னான்?
கைநாட்டு வச்சான்.

செக்காலை ரோட்டில் ரசகுல்லா போடும் நிமாய்
பாகு ஒட்டிய கையோடு மொழிபெயர்க்க வந்தான்.
பெயர், ஊர், தகப்பன் பெயர் வரை சரளம்.
தடுப்புக்காவல் என்ற இடத்தில் நின்றுவிட்டான்.
அவன் பாஷையில் சொல் அகப்படவில்லை.
இரண்டு கையாலும் கதவைச் சாத்திக் காட்டினான்.
மொஃபிஜுல் தலையாட்டினான்.
அது மட்டும் உடனே புரிந்தது.

ஆறு மாதமாக அவன் எண்ணெய் பூசிய தூண்களுக்குச் சொந்தக்காரர்
போனில் வந்தார்.
"பேப்பர் சரியா இருக்கணும்மா.
நான் இங்க பி.ஆர். வாங்கப் பதினோரு வருஷம் அலைஞ்சேன்."
அவர் குரலுக்குப் பின்னால் சிங்கப்பூர் ரயில்
அடுத்த நிலையத்தின் பெயரை
தமிழிலும் சொல்லிக்கொண்டிருந்தது.

வெளிநாட்டவன் இல்லையென்று அவனேதான் நிரூபிக்க வேண்டும்.
சட்டம் அப்படி.
மால்டாவில் கங்கை அரித்துத் தின்ற வீடு,
வீட்டுக்குள் டிரங்குப் பெட்டி,
பெட்டிக்குள் காகிதம்.
நதிக்கு எப்படி நோட்டீஸ் அனுப்புவது?
அவன் எந்தக் கரைக்காரன் என்று
எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.
என் வழக்கு அந்த ஒன்பதே கால் மணி நேரம்.

சாட்சி, சேவுகன் டீக்கடை நோட்டு.
பெயர் எழுத வராமல் பக்கத் தலைப்பில் 'வங்கம்'.
தினம் மூன்று கோடு:
வேலைக்கு முன், பதினொன்றுக்கு, நாலுக்கு.
அன்றைக்கு ஒன்றுதான்.
"பாதி கிளாஸ் குடிக்கையில ஜீப்பு வந்துருச்சு.
ஆனா முழு டீயாத்தான் எழுதிட்டேன்"
என்றார் சேவுகன், குற்றத்தை ஒப்புக்கொள்பவர்போல.

ஆஜர்படுத்தியது மறுநாள் மாலை நாலரைக்கு.
ஸ்டேஷன் கணக்கில் இருபத்திரண்டே கால் மணி.
சேவுகன் கணக்கில் முப்பத்தொன்றரை.
"பயண நேரத்தைக் கழிக்கணும் ஐயா" என்றார்கள்.
மாஜிஸ்திரேட் நோட்டைப் புரட்டியபடி கேட்டார்:
"கானாடுகாத்தான் எத்தனை கிலோமீட்டர்?"
"பதினஞ்சு ஐயா."
"ஊர்ந்து வந்தீங்களா?"

ஜாமீன் கிடைத்தது.
நிமாய் எனக்கு ஒரு டப்பா ரசகுல்லா கொடுத்தான்.
அதைத் திறப்பதற்குள்
சிறை வாசலில் வேறொரு ஜீப்,
வேறொரு உத்தரவு.
திருச்சி சிறப்பு முகாம்.
"இது ஜெயில் இல்ல மேடம், முகாம்" என்றார்
சாவியை இடுப்பில் செருகியவர்.
உத்தரவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
தொடங்கும் தேதி இருந்தது.

நோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது
சேவுகன் கேட்டார்:
"நானூத்திப் பத்து ரூபா நிக்குது.
எத்தனை நாள் வரைக்கும் கேக்கலாம்?"
கடனுக்கு மூன்று வருடம் என்றேன்.
அதற்கப்புறம் காலாவதி.
"அவனுக்கு?"

பாலில் ஆடை கட்டியிருந்தது.
கரண்டியால் ஒதுக்கிவிட்டு
எனக்கு ஒரு டீ ஆற்றினார்.
காசு கொடுத்தேன்.
எண்ணாமல் கல்லாவில் போட்டுவிட்டு
'வங்கம்' பக்கத்தைத் தேடி எடுத்து
மடிப்பு நீவி வைத்தார்.